காலி இடமும் கணக்கில்

தக்குவரெம்போவில் ஞாயிறு இரவு விழுந்த இடி
கால்நடை மருத்துவமனையின் கணினியைத் தின்றுவிட்டது.
திங்கள் காலை நான் போய் இறங்கும்போது
வாசலில் மூன்று பிக்கப் வண்டிகள்,
ஒன்றின் பின்தட்டில் கட்டிய கன்று,
உள்ளே நெலிடா பென்டன்கோர்.
"பேக்கப் இருக்கு" என்றாள், நான் கேட்கும் முன்பே.
கம்பளிக் காலுறைக்குள் கைவிட்டு
ஹார்டு டிஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

இருக்கு என்பது வேறு.
எடுக்க வருது என்பது வேறு.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

புது டிஸ்க்கைப் பொருத்தி
பென் டிரைவால் தட்டி எழுப்பினேன்.
நீலத்தில் கண் திறந்து கேட்டது திரை:
எதிலிருந்து மீட்க?
இதோ, இதிலிருந்து.
எதிலிருந்து?
இதோ.
அப்படி எதுவும் இல்லை.

முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன்,
கேபிளை மாற்றினேன்,
நெலிடா தந்த மாத்தேயை
இரும்புக் குழலில் உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.
கடைசியில் என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தால்
மலைப்பாம்புபோல் படுத்திருக்கிறது முழு பேக்கப்பும்,
'முக்கியம், தொடாதே' என்றொரு ஃபோல்டருக்குள்.

"நான்தான் உள்ளே தள்ளினேன்.
யாராவது அழித்துவிட்டால்?"

மீட்கும் நிரல் வாசலோடு தேடி நின்றுவிடும்,
அறைக்குள் எட்டிப் பார்க்கிற புத்தி
அதற்கு யாரும் வைக்கவில்லை.

வெளியே இழுத்துப் போட்டேன். தெரிந்தது.
மார்ச் இருபத்தேழு என்றது தேதி.
இன்று ஏப்ரல் பதினைந்து.
விரல் மடக்கி எண்ணத் தொடங்கிய நெலிடா
இரண்டாவது கையில் நிறுத்திக்கொண்டாள்.

'ஆம்' அழுத்தினேன்.
இரண்டு நிமிடம் ஓடி
பூஜ்யத்தில் தொடங்கும் நீளமான பிழை எண்ணொன்றைத் துப்பியது.
மறுபடி.
மறுபடி அதே எண்.
வெளியே கன்றும் அதே குரலில்.

டாக்டர் வாஷிங்டன் ஒலிவேரா கையுறையைக் கழற்றியபடி வந்தார்.
"உள்ளே எவ்வளவு இருக்கு?"
"தொண்ணூறு ஜிபி."
"புதுசு கொள்வது?"
"ஐந்நூறு."
"பிறகென்ன கேடு?"
"பழையது ஐந்நூற்றுப் பன்னிரண்டு."

ஒரு மாட்டின் பெயரும் எழுதாத இடத்தையும்
அந்தப் பிரதி அளந்து வைத்திருக்கிறது.
நானூற்றுச் சொச்சம் காலி அறைகள்,
ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறது.

சிரித்துவிட்டார் வாஷிங்டன்.
"பாகம் பிரிக்கையில் என் மைத்துனன்
வற்றிய குட்டையையும் அளக்கச் சொன்னான்."
ஏணி போட்டு ஏறி
கேமராப் பெட்டியைக் கழற்றி இறக்கினார்.
அதற்குள் ஒரு டெரா டிஸ்க்.
நாலு வருஷமாக அது பார்த்தது
ராத்திரி முயல்கள் மட்டும்.

பதினொரு சதவீதம்.
பதினொரு சதவீதம்.
பன்னிரண்டு.

அதற்குள் அவர் வண்டிமேல் ஏறி
கன்றுக்கு ஊசி போட்டு
காது வில்லை எண்ணைத்
தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.
மீட்பு முடியும்வரை கை கழுவவில்லை.

மூன்று மணிக்குக் கணினி எழுந்தது.
அதே பழைய சுவர்ப்படம், அதே ஐகான்கள்.
நெலிடா கை தட்டப் போனாள்,
மணி அடித்தது:
'இன்று பிற்பகல். எச்சேவெரி வீட்டு பலோமா. குளம்பு.'

ஞாயிற்றுக்கிழமை அதே மின்னலில்
யூகலிப்டஸ் மரத்தடியில் விழுந்தது
அந்தக் குதிரை.
எங்கள் மூவருக்கும் தெரியும்.

திரையில் இரண்டு பொத்தான்கள்:
முடிந்தது.
பிறகு நினைவூட்டு.
எதை அழுத்தினாள் என்று நான் பார்க்கவில்லை,
குனிந்து திருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
பத்து நிமிடம் கழித்து
மணி இன்னொரு முறை அடித்தது.

ஆணியில் குத்திய பில்களை உருவி
பத்தொன்பது நாளையும் தட்டச்சத் தொடங்கினாள்.
முதல் வரிக்கு
டாக்டரின் உள்ளங்கையைப் பிடித்து வாசித்தாள்.

கிளம்பும் முன் சொன்னேன்:
அந்த ஃபோல்டரை இனி எதற்குள்ளும் வைக்காதே.
தலையாட்டினாள்.
டிஸ்க்கைக் காலுறைக்குள் போட்டு
அந்தக் காலுறையை
இன்னொரு காலுறைக்குள் போட்டாள்.