ஈரப்பதம்

பதினேழு வரை எடுக்கலாம்.
அதைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.
நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கொள்முதல் நிலையத்தில்
பத்தொன்பது வருஷமாக
ஒரு பிடி நெல்லைக் கருவிக்குள் போட்டு
எண்ணைப் படிக்கிறேன்.

இன்று காலை என் எண் வந்தது,
நாலாய் மடித்த தாளில்.
எப்.எஸ்.எச். எண்பத்தொன்று.
ஈஸ்ட்ரடையால் பத்துக்கும் கீழே.
அதற்குமேல் இறங்கிப் பார்க்கக் கருவிக்கு முடியாதாம்.
மேட்டூர் வறண்ட ஆண்டுகளில்
பேப்பர் மூலையில் வருமே, அந்த மாதிரி எண்.

டாக்டர் ஷமீமா, கூத்தாநல்லூர்க்காரி, என்னைவிடச் சின்னவள்,
ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளிவைத்தாள்.
"இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்க்கா.
வெளிய பெஞ்சுல இருக்காங்களே, அவங்களுக்கும் இதே எண்தான்.
ஒரு துளி வேர்க்கலை."
அப்போ எதுக்கு எழுதினீங்க, ஆயிரத்து இருநூறு ரூபாய்?
"நீங்கதானே கேட்டீங்க."
கேட்டேன்தான்.

நின்று எட்டு வருஷம்.
எது கடைசி என்று அன்றைக்குத் தெரியவில்லை.
கடைமடைக்காரருக்கும் அப்படித்தான்,
முறைத் தண்ணீர் வராது என்பது
வராமல் போய்ப் பத்துநாள் கழித்துத்தான் தெரியும்.

சூடு மட்டும் நின்றபாடில்லை.
நெஞ்செலும்பின் நடுவே ஒரு தீக்குச்சி.
பிறகு கழுத்து, காது, உச்சி.
தை மாதப் பனி. மூட்டை தூக்கும் வேலாயுதமே
காதோடு துண்டைக் கட்டியிருக்கிறான்,
நான் பட்டியல் புத்தகத்தால் விசிறுகிறேன்.
சாக்கு தைக்கிற பையன்கள் ஒருமுறை சிரித்தார்கள்.
மறுநாள் மேசையருகே ஒரு டேபிள் ஃபேன் இருந்தது.
யார் வைத்தது என்று கேட்கவில்லை.

இரவில் நைட்டியைப் பிழியலாம்.
"ஃபேனைக் குறை" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.
முப்பது வருஷக் குடித்தனத்தில்
நாங்கள் அதிகம் சண்டைபோட்டது ரெகுலேட்டருக்காக.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்ததால்
ஹார்மோனை யோசிக்கிறாள்; வேறு மாத்திரை எழுதியிருக்கிறாள்.
எப்போது நிற்கும் என்றேன்.
"சிலருக்கு எழுபதிலும் வரும்க்கா."
பொய் சொல்லவில்லை. அது பிடித்திருந்தது.

மதியம் தையல்நாயகியின் டிராக்டர் வந்தது.
பத்தொன்பது.
"மேகம் கட்டுது, எங்க கொண்டுபோய்க் காயவைப்பேன்?"
குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டேன்.
மேலே குளிர்ந்த நெல், உள்ளே கொதி.
ஈரம் அடங்கிக் கிடந்தால் அப்படித்தான், தானாகச் சுடும்.
கையை எடுக்கவில்லை,
அதற்குள் எனக்கும் ஏறிவிட்டது.

என் முகத்தையே பார்த்தாள்.
கையிலிருந்த சிட்டா நகலை மடித்து
என் கழுத்தோரம் விசிறினாள்.
"எத்தனை?" என்றாள்.
பத்தொன்பதுன்னு சொன்னேனேம்மா.
"நெல்லைக் கேக்கலை."

எட்டு, என்றேன்.

"எனக்குப் பதினொண்ணு,"
என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
குவியலைக் காலால் கலைக்கத் தொடங்கினாள்.