எண்ணூற்று நாற்பத்தொன்று

வாலின் நுனியில் அரிசி முனை அளவு வெட்டினால் போதும்,
மரபணுச் சோதனைக்கு.
கறுப்பு எலி என்றால் மூன்று நிமிடத்தில் ரத்தம் நின்றுவிடும்.
இதற்கு நிற்காது.
பஞ்சை வைத்து இரண்டு விரலால் அழுத்தியபடி
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பதினொன்று, பன்னிரண்டு.
வெளியே மயாகுவெஸ் மழை தகரத்தில் கொட்டுகிறது.
பதினாறில் விடுகிறேன்.

இரண்டு மரபணுக்கள் பழுதான எலி.
பாலாடை நிற ரோமம், மாதுளை முத்துக் கண்.
மூச்சு வெளியேறும்போது
நுரையீரலின் சிற்றறைகள் ஈரத்துணிபோல்
ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு படலம் வேண்டும்,
சோப்புக் குமிழியின் தோலைப்போல.
அதை உண்டாக்கும் செல்கள் இதற்கும் இருக்கின்றன,
உண்டாக்கவும் செய்கின்றன.
வாசல்தான் திறப்பதில்லை.
செய்ததெல்லாம் உள்ளேயே சுருண்டு அடுக்கி
செல் பருத்து
ஒரு நாள் சாகிறது.
செத்த இடத்தில் தழும்பு.
தழும்பு விரியாது.

இசபெலாவிலிருந்து மாதம் ஒருமுறை கயெத்தானோ வருகிறார்.
ஐம்பத்திரண்டு வயது, வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி,
அவற்றின் கீழே அதே பாலாடை நிறம்.
கடலோரம் மீன்வடைக் கடை.
புகை ஆகாதென்று இப்போது மகள் பொரிக்கிறாள்.
குழாயில் ஊதுகிறார்.
தாளில் கோடு போன மாதத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது.
அதைச் சொல்வது என் வேலையில்லை.
அவரே தாளை எடுத்து நான்காக மடிக்கிறார்.

"எலிகளைப் பார்க்கலாமா?"
விதி அனுமதிக்காது.
பதிலுக்கு மின்நுண்ணோக்கிப் படமொன்றைக் காட்டினேன்,
வட்டத்துக்குள் வட்டமாக அடைந்து கிடக்கும் ஒரு செல்.
"வெங்காயம்," என்றார் கடைக்காரர்.
விளக்கினேன். கேட்டுவிட்டு,
"எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு சாகிறதா?
என் மனைவி என்னைப் பற்றிச் சொல்வதும் இதுதான்."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம்.

மூச்சு திரும்பியதும்
எட்டாம் கூண்டைப் பற்றிச் சொன்னேன்.
நுரையீரலுக்கு மட்டும்
நல்ல மரபணுவைத் திருப்பித் தந்த எலிகள்.
ரோமம் வெளிறியேதான் இருக்கிறது,
வாலில் ரத்தம் நிற்பதில்லை,
ஆனால் வயதாகியும் சக்கரத்தில் ஓடுகின்றன.
மனிதருக்கு எப்போது என்று அவர் கேட்கவில்லை.
"பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள்?"
பெயர் இல்லை, எண்தான்.
"ஓடுகிற ஒன்றின் எண்ணைச் சொல்லுங்கள்."
எண்ணூற்று நாற்பத்தொன்று.
மடித்த தாளின் முதுகில் எழுதிக்கொண்டார்,
இன்றிரவு லாட்டரியில் போட.

அன்றிரவு நானும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன்.
விழுந்தது முந்நூற்று ஆறு.
அதுவும் எங்களிடம் இருக்கிறது.
மூன்றாம் கூண்டு. கறுப்பு.
ஒரு குறையுமில்லை.
வாலை வெட்டினால் மூன்றே நிமிடம்.