அடுத்த இரண்டு கிழமை

ஒன்பதேகாலுக்கு நிற்கிறோம் ஆறு பேர்,
நாவலர் வீதியில் ஒரு மூன்றாம் மாடி.
நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன, எது மறிக்குது.
பதினைந்து நிமிடம்.
இருந்தால் கதை நீளுமென்றுதான் நிற்கிறது.

என் முறை வருகையில் காட்ட ஒன்றும் இருக்காது.
நிரல் ஒரு வரி எழுதவில்லை நான்,
திரை வரையவில்லை, பிழை பிடிக்கவில்லை.
வங்கிக்குக் கடன் கேட்டுப் போனபோது
புரொடக்ட் மனேஜர் என்றதும் கதிரை இழுத்துப் போட்டார்கள்.
"எத்தனை பேர் உங்களுக்குக் கீழே?"
ஒருத்தரும் இல்லை என்றேன்.
பேனை மூடிய சத்தம் கேட்டது.

செவ்வாய்தோறும் ஒஸ்லோவிலிருந்து குரல் வரும்.
வரைபு வேணும், மாத அறிக்கை வேணும்,
நாளைய நண்டு விலையை இன்றே சொல்ல வேணும்.
எல்லாம் கெதியாய். எல்லாம் முதலாவது.
சுவர் நிறைய மஞ்சள் சீட்டு, ஃபான் காற்றுக்குத் துடிக்கும்.
எது மேலே எது கீழே, அவ்வளவுதான் என் வேலை;
கீழே இறக்கும் ஒவ்வொரு சீட்டிலும்
யாரோ ஒருவருடைய கையெழுத்து.

புதன் விடிய முன்னம் பாசையூர் போனேன்.
எமில்டா அக்கா நண்டு நிறுக்கிறா.
தராசைப் பார்த்து, இலக்கத்தை அமத்தி,
'உறுதிசெய்' என்ற எங்கள் பச்சைப் பொத்தானைத் தொட்டா.
திரை அசையவில்லை.
சட்டையில் துடைத்துத் தொட்டா. அசைந்தது.
அதற்குள் அடுத்த கூடை, அடுத்த ஈரம்.
நாலாம் கூடைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ரெஜிபோம் மூடியில் மார்க்கரால் எழுதினா:
ஆறரை. ஏழு. ஐந்தே முக்கால்.
"நல்லாத்தான் செய்திருக்கிறியள் பிள்ளை,
வீட்டில இருந்து பாக்க."

பதினொரு நாள் யதுகுலன் அந்த வரைபுக்கு உழைத்தவன்.
நீலக் கோடு ஒன்று, வற்றுப்பெருக்குப் போல ஏறி இறங்கும்.
வடிவு. உண்மையாகவே வடிவு.
ஸ்கூட்டியில் திரும்பும் வழி முழுக்க
அவனுக்குச் சொல்ல ஒரு வசனம் தேடினேன்.
ஆரியகுளம் சந்தி தாண்டியும் கிடைக்கவில்லை.

ஒன்பதேகாலுக்கு
வாளியில் தண்ணி கொண்டுவந்து நடுவில் வைத்தேன்,
கொஞ்சம் உப்பும் போட்டு.
எல்லாரும் கையை நனையுங்கோ என்றேன்.
சிரித்தார்கள். சாருகா முழங்கை வரை விட்டாள்.
யதுகுலன் தொட்டான். திரும்பத் தொட்டான்.
தன் போனை எதிரியைப் போலப் பார்த்தான்.
பிறகு ஈரக் கையோடே போய்
தன் சீட்டைத் தானே உரித்தான்;
மை பரவி, வரைபு என்ற சொல் விரலில் ஒட்டிக்கொண்டது.
அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவன்தான் அனுப்பினான்,
ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு வீடியோ:
போனின் விளிம்பில், சத்தம் கூட்டும் பொத்தானை
நனைந்த பெருவிரல் அமத்துகிறது.
பதிவாகிறது.

செவ்வாய். "இந்த இரண்டு கிழமையில் புதிதாய் என்ன?"
ஒரு பொத்தான், என்றேன். அதுவும் ஏற்கெனவே இருந்தது.
லைனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அறிக்கை? பிறகு. விலைக் கணிப்பு?
இல்லை என்பதை நாலு விதமாய்ச் சொல்லப் பழகியிருக்கிறேன்;
இந்த முறை சும்மா இல்லை என்றே சொன்னேன்.

எமில்டா அக்கா இன்னும் போன் எடுக்கவில்லை.
பழுதென்றால் எடுத்திருப்பா.
அல்லது மார்க்கருக்கே திரும்பியிருப்பா.
வியாழன் விடிய
இன்னொருக்கால் போய்ப் பார்க்கவேணும்.