வலைக்கண்

ஈசல் கிளம்பிய ராத்திரியில் ஆரம்பித்தது இது.
செக்கானூரணி தாண்டியதும் முதல் மழை.
ஹெட்லைட் வெளிச்சத்துக்குள்
ஒரு ஊரே குடியேறியது.
வைப்பர் போட்டேன், கண்ணாடி பசையாய் இழுத்தது.
பின்னால் எண்பத்தாறு கிலோ மல்லி.
நாலு மணிக்கு மாட்டுத்தாவணியில் தராசு தூக்கிவிடுவார்கள்.
நாகமலை ஓரம் போகையில்
சூட்டு முள் சிவப்பைத் தொட்டது.

பானட்டைத் தூக்கினால் ரேடியேட்டர் முழுக்க றெக்கை.
காற்று போகிற இடம் சுவராகியிருந்தது.
குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி
சீப்பால் வாரினேன்.
என் தலைச் சீப்புதான், வேறென்ன இருக்கிறது வண்டியில்.
விடிந்து போய்ச் சேர்ந்த பூவுக்கு
விடிந்த விலைதான் கிடைத்தது.

கம்பெனி கிரில் அதற்கு முன்பே பாதிதான்.
மீதியைப் போன ஆவணியில்
கருமாத்தூர்க் கிடா ஒன்று முட்டி உடைத்தது.
புதுசு ஐயாயிரத்து நானூறு, வர பத்து நாளாகும்.
"கம்பெனிப் பீஸே போடுங்க மதினி,
விக்கும்போது வெல கெடைக்கும்" என்றான் கொழுந்தன் சோலைராசு,
பதினோரு தவணை பாக்கியிருக்கிற வண்டியை
அவன் மனசுக்குள் விற்றுக்கொண்டே.

தெற்கு மாரட் வீதிக்குப் போனேன்.
கடைக்காரர் கம்பி வலைச் சுருளைத் தரையில் உருட்டிவிட்டு
"கண்ணு என்ன அளவும்மா?" என்றார்.
ஈசல் வரக் கூடாது, காத்து வரணும்.
"கோழிக்கூடு போடுறவரும் இதத்தான் சொல்றார்,
ஹாஸ்டல் வார்டனும் இதத்தான் சொல்றார்."
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
நகத்தோடு நின்ற கண்ணையே வெட்டித் தரச் சொன்னேன்.

வாஷிங் மெஷின் வந்த அட்டையை
வண்டி முகத்தில் அழுத்தி சாக்பீஸால் ஓட்டினேன்.
முகம் நேராக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இடது கன்னம் வலதைவிட அரை விரல் குறைவு.
நாலு வருசம் துடைத்த முகம், இன்றுதான் தெரிகிறது.

தகரக் கத்தரி இரண்டு இடத்தில் கையைக் கேட்டது, கொடுத்தேன்.
துண்டு பற்றாமல்
படுக்க வேண்டிய கண்களை நிற்க வைத்து வெட்டினேன்.
அதனால் என்ன வரும் என்று அப்போது தெரியாது.
கறுப்பு ஸ்பிரே அடித்தபோது காற்று திரும்பி
எதிர்வீட்டு வெள்ளைச் சேவலுக்கு ஒரு பக்கம் துக்கம் வந்தது.
அந்த வீட்டம்மா இன்னும் பேசவில்லை.

கேமரா மாட்டப் போகிற ஜாகிர்
பையிலிருந்து இருபத்திரண்டு கேபிள் டை எண்ணிக் கொடுத்தான்.
விளிம்பு கடகடக்காமலிருக்க
சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றினேன்.
கம்பெனிப் பேர் இருந்த இடத்தில்
பேரில்லை.

மாட்டி முடித்து, தள்ளி நின்று பார்க்கையில்தான் புரிந்தது.
வலையின் கம்பி ஒருபக்கம் சாய்ந்தது.
இடப்பக்கம் நின்றால்
உள்ளே ரேடியேட்டர், அதன் நசுங்கல், பழைய பசை, எல்லாம் தெரியும்.
வலப்பக்கம் வந்தால் ஒன்றும் தெரியாது,
கறுப்புக் கதவு.
கழற்றித் திருப்பிப் போடலாம்தான்.
இருபத்திரண்டு டையையும் அறுக்க வேண்டும்.

காளவாசலில் வலப்பக்கம் வந்த போலீஸ்காரர்
"காத்து எங்கம்மா போகும், இப்படி அடச்சு வச்சிருக்க?" என்றார்.
இடப்பக்கம் டீ கொண்டுவந்த பையன் குனிந்து
"அக்கா, ஃபேன் சுத்துறது தெரியுது" என்றான்.
இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை.
டீயைக் குடித்தேன்.

நேற்று ராத்திரி மறுபடி மழை, மறுபடி ஈசல்.
முள் நடுவிலேயே நின்றது.
மூன்று ஐம்பதுக்குத் தராசு.
இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண்ணுக்குக் கண் றெக்கைகள்,
காற்றாடி நூல் ஒரு முழம்,
எங்கேயோ முன்னால் போன வண்டியிலிருந்து பறந்து வந்த
ஒரு மல்லி மொட்டு.
பழைய பல் பிரஷ்ஷை எடுத்தேன்.
மொட்டை மட்டும்
எந்தப் பக்கம் தள்ளுவது என்று கொஞ்ச நேரம் நின்றேன்.