வெள்ளம் ஏறுது

மனாமாவில், வங்கிக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவே
கேபிள் போடத் தோண்டுகிறோம்.
ஒன்றரை மீட்டர் வரை இடிபாடு,
மூடி திறக்காத விம்டோ பாட்டில் ஒன்று.
அப்புறம் சிப்பி.
வாளி வாளியாக, வாய் பிளந்த சிப்பி.

டிராயிங்கில் இந்த இடம் வெறும் வெள்ளை.
மண்ணுதான், தோண்டு என்றான் போர்மேன்.

பகல் பதினொன்றுக்குக் குழியில் தண்ணீர் ஊறியது.
குழாய் உடைந்திருக்கும் என்று
முனிசிபாலிட்டிக்குப் போன் போட்டார்கள்.
லூர்தையன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.
தூத்துக்குடிக்காரன். ஒன்றும் சொல்லவில்லை.
சிமெண்ட் பைக் காகிதத்தில் நேரம் குறித்தான்.
மறுநாள் பதினொன்று ஐம்பது.
அதற்கு மறுநாள் பன்னிரண்டு நாற்பது.

"வெள்ளம் ஏறுதுடே," என்றான் பிறகு.
"இங்கதான் கடல் இருந்திருக்கு.
வீட்ட மாத்திட்டாங்கன்னு
அதுகிட்ட இன்னும் யாரும் சொல்லல."

கடல் இப்போது மூன்று சிக்னல் தள்ளி.

வியாழன் ராத்திரி டீசல் தீர்ந்து பம்ப் நின்றது.
நான் காவல்.
தோணி முட்டுகிற மாதிரி சத்தம்.
பலகைதான். ஷட்டரிங் பலகை,
மிதந்து மிதந்து குழிச்சுவரில் இடிக்கிறது.
இறங்கி அதைக் கட்டிப் போட்டேன்.
என்ன முடிச்சு போட்டேனோ,
காலையில் லூர்தையன் பார்த்துவிட்டுச் சிரித்தான்,
அவிழ்க்கவில்லை.