எடைச் சீட்டின் பின்பக்கம்

எடைமேடை மூடியபின்
மீந்த சீட்டுகளில் எழுதுகிறேன்.
முன்பக்கம் ஒரு தேங்காய் லாரி, பதினாறு டன்.
பின்பக்கம்: தோட்டா ஐந்து. மண்வெட்டி. கயிறு.
மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர்
குரியாச்சனிடம் கேட்டால் கிடைக்கும்.
கேட்டால் தெரிந்துவிடும், தனியாகப் போகிறேன் என்று.

ஏழு வருஷம் அவர் ஜீப்பில் போனவன்.
எந்தத் தோட்டம், எத்தனை மணி, எங்கே உட்கார,
எல்லாம் அவர் வாயிலிருந்து வரும்.
நான் விளக்குப் பிடிப்பேன்.
வெளிச்சத்தின் அந்த முனையில் விழுந்ததெல்லாம்
அவர் சுட்டது.
வீட்டில் சஞ்சித் ஒரு கணக்கு வைத்திருக்கிறான்:
அப்பா, பதினொன்று.
இதுவரை நான் திருத்தவில்லை.

வைகாசியில் லைசென்ஸ் என் பேருக்கு மாறியது.
மாமனாரின் இரட்டைக்குழல்
அலமாரியில், பிரசீதாவின் கல்யாணப் புடவைக்குப் பின்னால்.
ஹனீபா ராவுத்தர் தோட்டத்தில்
மாமரத்துக்கு இடையே நட்ட மரவள்ளி
பாதிக்கு மேல் கவிழ்ந்து கிடக்கிறது.
சனிக்கிழமை ராத்திரி என்று சொல்லிவிட்டேன்.
பையனும் வருவான் என்றேன்.
ராவுத்தர் போனில் கொஞ்சநேரம் பேசவில்லை.

பஞ்சாயத்து உத்தரவு மலையாளத்தில்.
எனக்குப் பேசத்தான் வரும்.
சஞ்சித் நாலாம் வகுப்பு, எழுத்துக்கூட்டாமல் படிக்கிறான்,
படித்துக்கொண்டே தமிழில் சொல்கிறான்:
இறைச்சி எடுக்கக் கூடாது,
எண்ணெய் ஊற்றிப் புதைக்கணும்,
பால் கொடுக்கிறதைச் சுடக் கூடாது.
அப்புறம் தாளைக் கீழே வைத்துவிட்டு,
"இருட்டுல எப்படிப்பா தெரியும்?"
குரியாச்சன் ஜீப்பில் இதை யாரும் கேட்டதில்லை.
கிட்டப் போய்ப் பார்ப்போம் என்றேன்.
எவ்வளவு கிட்ட என்று அவன் கேட்கவில்லை,
அதுவரைக்கும் சரி.

காற்றைப் பற்றி மட்டும் எனக்கு நிச்சயம்.
ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான்.
நாங்கள் மேற்கே நடந்தால் அது முகத்தில் அடிக்கும்.
எங்கள் வாடை முதுகுக்குப் பின்னால் ஓடி
கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி
சீட்டு இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் போய்விடும்.
பவுடர் டப்பாவைத் தட்டிக் காட்டினேன்.
ஒரு வெள்ளை மூச்சு கிழக்கே போய்
பிரசீதா காயப்போட்ட துணியில் படிந்தது.
திட்டு விழுந்தது. அதற்கும் மலையாளந்தான்.

அசையாமல் உட்கார்ந்து பழகினோம், தண்ணீர்த்தொட்டி மேல்.
இருபது நிமிஷத்தில் எனக்கு முழங்கால் மரத்துவிட்டது.
அவன் அப்படியே இருந்தான்.
கொசு கன்னத்தில் குடித்துவிட்டு எழுந்து போனது.

குழிக்கு அளவு தெரியாமல் முற்றத்தில் கோடு கிழித்தேன்.
அளக்க டேப் எடுத்து வருவதற்குள்
அவனே அதில் ஒருக்களித்துப் படுத்து
கால்களை மடக்கி,
கைகளையும் மடக்கி,
"இவ்வளவு போதுமாப்பா?"
அரிசி களைந்த தண்ணீரோடு வாசலுக்கு வந்தவள்
ஊற்றாமல் நின்றாள்.
எந்திரிடா, என்றாள். இந்த முறை தமிழில்.
கோட்டைக் காலால் அழித்தேன்.
பட்டியலில் குழி என்பதற்கு எதிரே
எண் இல்லை இன்னும்.

இப்போது அவன் தூங்குகிறான்.
அவன் பங்குக்கு எழுதிவைத்த சீட்டு மேசையில்:
பிஸ்கட், விசில், தொப்பி,
அப்பாவுக்குத் தைலம்.
நான் என்னுடையதைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன்.
டார்ச் ஒன்று, கட்டை நாலு.
சுடுகிறவன் கையில் விளக்கு இருக்காது.
இதை யோசிக்காமலா இவ்வளவு எழுதினேன்?

விளக்கு, என்று எழுதி, பக்கத்தில்
அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.
பேனா அங்கேயே நின்று
ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் நடுங்காமல் பிடிப்பான், தெரியும்.
கண்ணை மூடவும் மாட்டான்.

வெளியே தென்னைகள் கிழக்கே வளைந்து
திரும்ப நிமிர்கின்றன.
முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.
மொத்த எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை,
எல்லாம் சரியாக இருக்கிறது.
ஸ்வெட்டர் எழுத மறந்துவிட்டேன்.
இரண்டு.