பரோட்டா வழக்கு

அமிர்தி முகாம், இரண்டாம் இரவு.
தார்ப்பாய்க்குக் கீழே நான்கு அணித் தலைவர்கள்,
நடுவில் ஒரு டார்ச், அதைச் சுற்றி ஈசல்.
சார் உள்ளே வர அனுமதியில்லை,
போன வருஷம் நாங்களே போட்ட விதி.
ஓடைப் பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து
அவர் கொசு அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

வழக்கு இது:
நேற்றுச் சோறு குழைந்துபோக
ஏழாம் வகுப்பு யுவனேஷ்
யாரிடமும் சொல்லாமல் தக்காளி வேன் ஏறி
நஞ்சுகொண்டாபுரம் போய்ப்
பரோட்டா வாங்கி வந்துவிட்டான்.
என் அணிப் பையன்.
அன்றைக்குத் தலைமை வகிக்கும் முறையும் என்னுடையது.

"வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றான் இர்ஃபான்.
"மூணு வேளைப் பாத்திரம்" என்றான் எபினேசர்.
ரித்தீஷ் கையில் குறிப்பேடு.
யுவனேஷ் என்னைப் பார்க்கவேயில்லை.
அதுதான் தாங்க முடியவில்லை.

பதினொரு முடிச்சு போடத் தெரியும் எனக்கு.
எதுவும் அப்போது உதவவில்லை.

"எழுதிக்கோ ரித்தீஷ்" என்றேன்,
"மொத்தம் ஆறு.
அதுல ரெண்டு நான் தின்னேன்.
காசும் என்னுது."

ஈசல் ஒன்று டார்ச்சில் மோதியது.
இர்ஃபான் இருமினான், அல்லது சிரித்தான்.
தலைவர் நாற்காலி என்பது ஒரு கவிழ்த்த வாளி;
எழுந்து அதை அவன் பக்கம் தள்ளினேன்.

காலையில் ஓடைக்கரையில்
முப்பத்தோரு தட்டு, கரிபிடித்த அண்டா,
நாங்கள் இரண்டு பேர்.
சார் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டு போனார்,
ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல்.
அண்டாவில் நான் விட்டுவிட்ட அடிப்பிடிப்பை
யுவனேஷ் விரலால் தட்டிக் காட்டினான்:
"இங்க, லீடர்."